வீட்டு ஓரத்து நித்தியகல்யாணி: விதை முதல் வேர் வரை



இன்றைக்கு நாம் பேசப் போகிற செடி உங்கள் எல்லோருக்கும் தெரிந்த செடிதான். பேரைச் சொன்னால், "இதுக்கு ஒரு பேச்சா?" என்று சிரித்தாலும் சிரிப்பீர்கள். நித்தியகல்யாணிதான் அது. சில ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். இலங்கையில் பட்டிப்பூ என்று சொல்வது வழக்கம். முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் வளராது. ஒரு தடவை வந்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். வெயிலானாலும் மழையானாலும் தினம் பூக்கும். வெள்ளை, ரோஸ், வெள்ளையில் நடுவே சிவப்புப் பொட்டு என்று மூன்று விதமாகப் பூவைப் பார்க்கலாம்.

இந்தச் செடி சுவர் இடுக்கில் தானாக முளைக்கும். கிணற்று மேட்டில் கல் சந்தில் முளைக்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதும் இல்லை. ஆனால் அதே விதையை எடுத்து, பாத்தி கட்டி, நல்ல எருப் போட்டு, தினம் தண்ணீர் விட்டு விதைத்துப் பாருங்கள். பல பேருக்கு பாதி கூட முளைக்காது. முளைத்ததும் தலை சாய்ந்து போகும். "தானா வர்ற செடி, போட்டா வர மாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொள்வார்கள்.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் போதும், நித்தியகல்யாணி நாற்று விடுவது கைவந்த கலையாகிவிடும். அதைத்தான் முதலில் பார்ப்போம். பிறகு, வீட்டு ஓரத்தில் இரண்டு பாத்தி நாற்று விட்டு, 10 சென்ட் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராக வைப்பது எப்படி என்று பார்ப்போம். முடிவில் இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் தவறாமல் கேளுங்கள்.

சுவர் இடுக்கு சொல்லும் பாடம்

சுவர் இடுக்கில் விழுந்த விதைக்கு என்ன கிடைக்கிறது? மூன்று விஷயம் கிடைக்கிறது.

முதலாவது, அது புது விதை. காய் வெடித்து அப்போதுதான் விழுந்தது, அல்லது எறும்பு இழுத்துக்கொண்டு வந்து போட்டது. நித்தியகல்யாணி விதை நாள்பட நாள்பட முளைப்புத் திறனை இழந்துவிடும். இரண்டு மூன்று வருடம் பொட்டலத்தில் கிடந்த விதையை நம்பி நிலத்தைத் தயார் செய்யக்கூடாது.

இரண்டாவது, இருட்டு. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். சில செடிகளின் விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். நித்தியகல்யாணிக்கு அது நேர் எதிர். வெளிச்சம் பட்டால் முளைப்பு மந்தமாகும், இருட்டில் நன்றாக முளைக்கும். விதை கடுகை விடச் சிறிதாக இருக்கிறதே என்று நாம் பாத்தி மேல் சும்மா தூவிவிட்டுப் போகிறோம். அங்கேதான் கெட்டுப் போகிறது. சுவர் இடுக்கில் விதைக்கு வெளிச்சமே கிடையாது பாருங்கள்.

மூன்றாவது, வடிகால். சுவர் இடுக்கில் ஈரம் இருக்கும், தண்ணீர் நிற்காது. இந்தச் செடிக்கு வேரில் தண்ணீர் தேங்குவது ஆகவே ஆகாது. நாம் பாசத்தோடு காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினால் நாற்று அழுகல் வந்து, தண்டு தரையோடு கறுத்து, ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும்.

ஆக, புது விதை, இருட்டு, வடிகால். இந்த மூன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப் போகிற வேலை எல்லாம் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

விதை சேகரிப்பது

பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிய காய் இரண்டிரண்டாக, கொம்பு போல நிமிர்ந்து நிற்கும். பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முற்றியிருக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு போனாலோ காய் வெடித்து விதை எல்லாம் தரையில் கொட்டியிருக்கும். பச்சை நிறம் மாறி மஞ்சள் ஓடும்போது பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, காலை வேளையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். வீட்டில் பெண்களும் பெரியவர்களும் நடந்தபடியே செய்கிற வேலைதான் இது.

பறித்த காயை ஒரு முறத்திலோ காகிதம் விரித்த தட்டிலோ நிழலில் உலர்த்துங்கள். மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மூடி வையுங்கள். காய் வெடிக்கும்போது விதை தெறிக்கும். கறுப்பாக, நீள வாட்டத்தில் ஒரு பள்ளத்தோடு இருக்கும் விதைதான் முற்றிய விதை. சாம்பல் நிறமாக, சப்பையாக இருப்பதைப் புடைத்துத் தள்ளிவிடுங்கள். நன்றாக உலர்ந்த விதையை ஈரம் புகாத புட்டியில் போட்டு, நிழலான இடத்தில் வைத்து, அடுத்து வருகிற பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

எந்தச் செடியிலிருந்து விதை எடுப்பது? நோய் இல்லாத, நன்றாகக் கிளைத்த, இலை அகலமான செடியாகப் பார்த்து எடுங்கள். ஒரே நிறப் பூ வேண்டுமானால் வேறு நிறச் செடியை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். பட்டாம்பூச்சிகள் பூவுக்குப் பூ போய் மகரந்தத்தைக் கலந்துவிடும். கடையில் விற்கிற குட்டை ரக ஒட்டு விதையை அழகுக்காக வாங்கி வைத்திருந்தால், அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பயிராக வைப்பதற்கு என்றே லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 'நிர்மல்', 'தவள்' என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இரண்டும் வெள்ளைப் பூ ரகங்கள். அந்த விதை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உள்ளூர்ச் செடியில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

முளைப்புச் சோதனை

விதைப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். காசு செலவில்லாத சோதனை. 100 விதையை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் பரப்பி, மடித்துச் சுருட்டி, ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்து வாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பிரித்து எண்ணிப் பாருங்கள். 100-க்கு 70-க்கு மேல் முளைத்திருந்தால் தாராளமாக விதைக்கலாம். 50 முளைத்தால் விதையைக் கூட்டிப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு விதை தேடுவதே மேல். நாற்றங்காலில் ஏமாறுவதை விடத் துணியில் ஏமாறுவது நல்லது இல்லையா?

இரண்டு பாத்தி நாற்றங்கால்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கருக்கு நாற்று விட 200 கிராம் விதை போதும். நேரடியாக நிலத்தில் விதைப்பதானால் 1 கிலோ வேண்டும். நாற்று விட்டு நடுவதில் விதை எவ்வளவு மிச்சம் பாருங்கள். நாம் 10 சென்ட் நிலத்துக்குத்தான் பேசுகிறோம். அதற்கு 20 கிராம் விதை போதும். ஒரு கிராமில் 700 விதைக்குக் குறையாமல் இருக்கும். 20 கிராமில் ஏறக்குறைய 14,000 விதை. 10 சென்ட்டுக்கு வேண்டிய நாற்று சுமார் 2,900. "ஐந்து பங்கு விதை எதுக்கு?" என்று கேட்பீர்கள். முளைக்காதது போக, அழுகியது போக, நலிந்ததை ஒதுக்கியது போக, திடமான நாற்றாகப் பொறுக்கி நடுவதற்குத்தான்.

மழையை நம்பிய நிலம் என்றால் ஆடிக் கடைசியில் அல்லது ஆவணி முதலில் நாற்று விட வேண்டும். நாற்று நடவுக்கு வர 45 நாளிலிருந்து 60 நாள் ஆகும். புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதலில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும்போது நாற்று தயாராக இருக்கும். மழை பெய்த பிறகு நாற்று விடலாம் என்று இருந்தால், நடுவதற்குள் மழை முடிந்துவிடும்.

வீட்டுப் பக்கத்தில், தண்ணீர் எட்டுகிற இடத்தில், 13 அடி நீளம், 3 அடி அகலத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி போடுங்கள். அரை அடி உயரம் இருக்கட்டும். மண்ணை நன்றாகக் கொத்திப் பொடியாக்கி, ஒரு பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய தொழு உரமும் ஒரு கூடை மணலும் கலந்து விடுங்கள். அந்தத் தொழு உரத்தில் ஒரு 50 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து, லேசாக ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து போட்டால் நாற்று அழுகலுக்கு நல்ல காவல். மக்காத பச்சைச் சாணியைப் போட வேண்டாம். பக்கத்தில் எறும்புப் புற்று இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். விதையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

விதை சிறிது. அதனால் 20 கிராம் விதையோடு பத்துப் பங்கு, அதாவது 200 கிராம் உலர்ந்த மணலைக் கலந்துகொள்ளுங்கள். பாத்தியின் குறுக்கே நாலு விரல் இடைவெளியில் குச்சியால் கோடு கிழித்து, அரை விரற்கடை ஆழத்தில் விதையைத் தூவுங்கள். தூவியதும் சலித்த மணலும் மக்கிய உரமும் கலந்து மெல்லியதாக மூடிவிடுங்கள். விதை ஒன்று கூட வெளியே தெரியக்கூடாது. அதற்கு மேல் வைக்கோலோ தென்னங்கீற்றோ பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். இப்போது விதைக்கு இருட்டும் கிடைத்தது, ஈரமும் கிடைத்தது.

பத்து நாள் வாக்கில் முளை தலை காட்டும். அன்றாடம் கீற்றைத் தூக்கிப் பாருங்கள். முளை கண்டதும் மூடாக்கை எடுத்துவிட வேண்டும். விதைக்குத்தான் இருட்டு வேண்டும், நாற்றுக்கு வெளிச்சம் வேண்டும். ஒரேயடியாக எடுக்காமல், சாயங்கால வேளையில் எடுத்து, நாலைந்து நாள் உச்சி வெயிலுக்கு மட்டும் லேசான நிழல் கொடுத்தால் நாற்று வாடாது.

தண்ணீரைக் காலையில் ஒரு வேளை கொடுத்தால் போதும். ராத்திரிப் பொழுதில் பாத்தி சொதசொத என்று இருக்கக்கூடாது. அப்படியும் அங்கங்கே நாற்று சாய்ந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2½ கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து வேர்ப் பக்கம் நனையும்படி ஊற்றுங்கள். நெருக்கமாக முளைத்த இடத்தில் கலைத்து விடுங்கள்.

நிலமும் நடவும்

செவல் நிலம், மணல் கலந்த இருமண் நிலம், தண்ணீர் வடிகிற சரளை நிலம் எல்லாம் இதற்கு ஏற்றவை. வேறு பயிருக்கு ஆகாத மெலிந்த நிலத்திலும் வரும். அதற்காகக் களரிலும் தண்ணீர் தேங்குகிற பள்ளத்திலும் கொண்டுபோய் வைக்காதீர்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில், ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் விவசாயிகள் இதை மானாவாரிப் பயிராக வைத்து அனுபவப்பட்டிருக்கிறார்கள்.

10 சென்ட்டுக்கு ஒரு பெரிய வண்டி, சுமார் 600 கிலோ தொழு உரம் போட்டு உழுங்கள். தொழு உரம் கிடைக்காதவர்கள், அடியுரமாக யூரியா 1¾ கிலோ, சூப்பர் பாஸ்பேட் 7½ கிலோ, பொட்டாஷ் 2 கிலோ இடலாம். பிறகு செடி வளரும்போது, ஈரம் இருக்கிற சமயம் பார்த்து, 1¾ கிலோ யூரியா வீதம் இரண்டு தடவை மேலுரம் கொடுக்கலாம். எதற்கும் மண் பரிசோதனை செய்து, அதன்படி இடுவதுதான் காசுக்கு நல்லது.

வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு, மேக மூட்டமான நாளில் அல்லது சாயங்காலம் நடுங்கள். நட்டு ஒரு வாரம் கழித்துச் செத்த இடத்தில் போக்கு நாற்று நட்டுவிடுங்கள். இதற்காகப் பாத்தியில் கொஞ்சம் நாற்று மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் செடி மெதுவாகத்தான் வளரும். அந்தச் சமயத்தில் களை முந்திக்கொள்ளும். நட்டு ஒரு மாதத்தில் ஒரு களை, அதிலிருந்து இரண்டு மாதத்தில் ஒரு களை எடுத்துவிட்டால், பிறகு செடி நிலத்தை மூடிக்கொள்ளும். மழை நின்ற பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை உயிர்த் தண்ணீர் கொடுக்க முடிந்தால் மகசூல் கூடும்.

பூச்சித் தொல்லை இதில் குறைவு. நோய் இரண்டைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் கிளை நுனியிலிருந்து கறுத்துக் கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால் அது நுனிக்கருகல். கருகின கிளையை வெட்டி எரித்துவிட்டு, வடிகாலைச் சரி செய்யுங்கள். இன்னொன்று, இலை எல்லாம் சிறுத்து, கொத்துக் கொத்தாகி, பூ பச்சையாக மாறிவிடும். இது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி இதைப் பரப்புகிறது. இதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. "ஒரு செடிதானே" என்று விட்டால் பக்கத்துச் செடிக்கும் போய்விடும். அந்தச் செடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

அறுவடை

விதைத்த ஆறாவது மாதம், மாசி வாக்கில் முதல் தடவை இலை பறிக்கலாம். ஒன்பதாவது மாதம், வைகாசியில் இரண்டாம் தடவை. ஒரு வருடம் நிரம்பியதும், செடியைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு அறுத்து, இலையையும் தண்டையும் தனியாகப் பிரிக்க வேண்டும். பிறகு நிலத்துக்கு ஒரு நனை தண்ணீர் விட்டு, பதம் பார்த்து ஆழ உழுது வேரைப் பொறுக்க வேண்டும். வேரை மண் போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். இலையையும் நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். பச்சை இலையைக் குவித்து வைத்தால் வெந்து போகும். தார் ரோட்டில் காயப் போடுகிற பழக்கம் இதற்கு வேண்டாம். கல்லும் தூசியும் சேர்ந்த இலையை மருந்துக்கு வாங்குகிறவர்கள் தள்ளிவிடுவார்கள். இலை பறிக்கிற சமயம் நெருங்கும்போது எந்தப் பூச்சி மருந்தும் அடிக்காதீர்கள்.

மானாவாரியில் ஏக்கருக்கு உலர்ந்த இலை 800 கிலோ, தண்டு 400 கிலோ, வேர் 300 கிலோ என்பது பொதுவான கணக்கு. பாசன நிலத்தில் ஏறக்குறைய இதைப் போல் இரண்டு பங்கு வரும். நமது 10 சென்ட்டுக்கு 80 கிலோ இலையும் 30 கிலோ வேரும் என்று வைத்துக்கொள்ளலாம். நிலத்தையும் மழையையும் பொறுத்து இது கூடும், குறையும்.

வரப்பு ஓரத்தில் 20 செடியை மட்டும் இலை பறிக்காமல் விதைக்கு என்று விட்டுவிடுங்கள். அடுத்த வருட விதை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

இந்த இலை எங்கே போகிறது?

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது. பல நாடுகளில் சர்க்கரை வியாதிக்கு என்று இதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952-ல் ஜமைக்கா தீவிலிருந்து இந்த இலை கொஞ்சம் கனடா நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற விஞ்ஞானிகள் அதைச் சோதித்தார்கள். சர்க்கரையைக் குறைக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சோதனையில் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் சாற்றை ஊசி மூலம் செலுத்திய எலிகளுக்கு இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் குறைந்து, நோய் தொற்றி அவை செத்துப் போயின.

வேறு யாராவது இருந்தால் இலையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர்களோ, "வெள்ளை அணுவைக் குறைக்கிற பொருள் என்றால், வெள்ளை அணு அளவுக்கு மீறிப் பெருகுகிற இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே" என்று யோசித்தார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளை அறிவித்தார்கள். அதன் பின் வின்கிரிஸ்டின் என்ற இன்னொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றைக்கும் முக்கியமான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. ஒரு டன் உலர்ந்த இலையிலிருந்து சில கிராம் மருந்துதான் கிடைக்கும். அதனால்தான் இலை மூட்டை மூட்டையாகத் தேவைப்படுகிறது. வேரில் இருக்கிற அஜ்மலிசின் என்ற பொருள் இரத்த ஓட்டத்துக்கான மருந்துகளில் சேர்கிறது.

இரண்டு எச்சரிக்கை

இப்போது, முதலில் சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன்.

முதல் எச்சரிக்கை உடம்பைப் பற்றியது. "பூவை வெறும் வயித்துல மென்னா சர்க்கரை இறங்கும், இலையைக் கஷாயம் வச்சுக் குடி" என்று நம் ஊரிலும் சொல்கிறவர்கள் உண்டு. தயவு செய்து செய்யாதீர்கள். மேலே சொன்ன கதையை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். சர்க்கரைக்கு என்று தேடிப் போனவர்கள் கண்டது, இரத்த அணுவைக் குறைக்கிற பொருளை. ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துத்தான் ஏற்றுகிறார்கள். அப்படியும் கை கால் மரத்துப் போவது, முடி கொட்டுவது என்று தொந்தரவு வருவதுண்டு. அடுப்பில் வைத்த கஷாயத்தில் எத்தனை இருக்கிறது என்று யார் அளப்பது? கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது இன்னும் ஆபத்து. குழந்தைகள் பூவை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

ஆடு மாடு விஷயமும் இதில் சேர்ந்ததுதான். இலை கசப்பு. அதனால் ஆடு மாடு சாதாரணமாக இதைக் கடிக்காது. வேலி போடும் செலவு மிச்சம். ஆனால் கோடையில் தீவனம் இல்லாத சமயத்தில், அறுத்த தண்டையும் கழிவையும் மற்றத் தட்டையோடு கலந்து மாட்டுக்குப் போட்டுவிடக் கூடாது. பசியில் தின்றுவிடும், பிறகு மாட்டை இழப்போம். இதன் கழிவைக் குழியில் போட்டு மூடுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை பணத்தைப் பற்றியது. கத்தரிக்காய், தக்காளி என்றால் விலை குறைந்தாலும் சந்தையில் யாராவது வாங்குவார்கள். விற்காவிட்டால் வீட்டில் குழம்பு வைக்கலாம். நித்தியகல்யாணி இலையை என்ன செய்வது? சந்தையில் வாங்க ஆள் இல்லை, வீட்டுக்கும் ஆகாது. வாங்குகிற மருந்துக் கம்பெனிகளும் வியாபாரிகளும் குறைவு. ஒரு வருடம் விலை இருக்கிறது என்று ஊரே சேர்ந்து வைத்தால், அடுத்த வருடம் மூட்டை தூங்கும்.

அதனால் நாற்றங்கால் போடுவதற்கு முன்னால் வாங்குகிறவரைப் பாருங்கள். என்னென்ன கேட்க வேண்டும்? இலை வேண்டுமா, வேர் வேண்டுமா, இரண்டுமா? எந்த நிறப் பூச் செடி? கிலோ என்ன விலை? நம்ம ஊரிலேயே எடை போடுவாரா, நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமா? ஈரப்பதம் எவ்வளவு வரை ஏற்றுக்கொள்வார்? சாக்கு யார் பொறுப்பு? பணம் எத்தனை நாளில்? இதையெல்லாம் வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். "விதை நாங்க தர்றோம், முன்பணம் கட்டுங்க, விளைஞ்சதை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று புதிதாக யாராவது வந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். மூலிகைப் பயிர்களுக்கு என்றே மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தேசிய மருத்துவத் தாவர வாரியத்தை அமைத்தது. மாநிலத்திலும் மூலிகை வாரியம் இருக்கிறது. வழிகாட்டுதல் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

நான் ஏன் ஏக்கர் கணக்கில் பேசாமல் 10 சென்ட், 20 கிராம் விதை, இரண்டு பாத்தி என்று பேசுகிறேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். 10 சென்ட்டில் வைத்தால், செடியும் பழகும், இலை உலர்த்துகிற பக்குவமும் பழகும், வாங்குகிறவர் பேச்சு எவ்வளவு உண்மை என்பதும் தெரிந்துவிடும். ஏதாவது தவறினாலும் மிச்ச நிலத்தில் உளுந்தோ, கம்போ, சோளமோ நம்மைக் காப்பாற்றும். சரியாக வந்தால், அந்த 20 விதைச் செடி அடுத்த வருடம் எவ்வளவு நிலத்துக்கு வேண்டுமோ அதற்கு வழி செய்யும்.

வாங்க ஆள் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். வாசலில் நாலு செடியாக வையுங்கள். தண்ணீர் இல்லாத கோடையிலும் பூ கொடுக்கும். கிளை நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புதர் போல அடர்ந்து, இன்னும் அதிகமாகப் பூக்கும். பூஜைக்குப் பூ பறித்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன், மனதில் குறித்துக்கொள்ளுங்கள். புது விதை. விதைத்ததும் இருட்டு, முளைத்ததும் வெளிச்சம். தண்ணீர் நிற்காத பாத்தி. ஆடிக் கடைசியில் நாற்று, ஐப்பசி மழையில் நடவு. வாங்குகிறவர் முதலில், விதைப்பு பிறகு. வீட்டில் யாரும் இதை மருந்தாகக் குடிக்க வேண்டாம்.

ஆவணி பிறப்பதற்குள் விதையைத் துணியில் சுருட்டி முளைப்புச் சோதனை செய்துவிடுங்கள். நல்ல மழை பெய்து, நினைத்தபடி விளையட்டும்.